'புட்' என்றால் 'வை' மட்டும் இல்லை, 'போடு'

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் டீம் லீட் அனுப்பிய மெயிலில் இப்படி ஒரு வரி: "வீ ஹாவ் புட் அப் வித் தி டிலே, பட் தி க்ளையன்ட் இஸ் புட் அவுட் நௌ, ஸோ லெட்ஸ் நாட் புட் இட் ஆஃப் எனி லாங்கர்." 'புட்' என்றால் வைப்பது என்றுதான் பள்ளியில் படித்தோம். இந்த ஒரு வரியிலேயே மூன்று 'புட்' வருகிறது, மூன்றிலும் யாரும் எதையும் எங்கேயும் வைக்கவில்லை. இதையெல்லாம் ஒவ்வொன்றாக மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். வடபழனியில் சாயங்கால வகுப்பில் பதினெட்டு வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப் பேர் கையில் 'நூறு ஃப்ரேசல் வெர்ப்' (வினையோடு ஆன், ஆஃப் மாதிரி குட்டிச் சொல் சேர்ந்தவை) என்று ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கும். அதைப் பையில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தையே ஆரம்பிப்பேன். அந்தத் தாளில் 'புட் ஆன்' ஏழாவது வரியிலும் 'புட் ஆஃப்' முப்பதாவது வரியிலும் இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி. அப்படிப் படித்தது பரீட்சை முடிகிற வரைக்கும்கூடத் தங்காது.

சிக்கல் தொடங்குகிற இடம் 'புட் என்றால் வை' என்கிற அந்த முதல் பாடம். தமிழில் 'வை'யும் உண்டு, 'போடு'வும் உண்டு. ஆங்கிலத்தின் 'புட்' இரண்டையும் சேர்த்துச் செய்கிற சொல். பள்ளியில் நமக்குப் பாதியைத்தான் கொடுத்தார்கள். மீதிப் பாதியை, அதாவது 'போடு'வை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள்.

சட்டை போடு, செருப்புப் போடு, கண்ணாடி போடு, மேக்கப் போடு: நான்குமே 'புட் ஆன்'. லைட்டைப் போடு, ஃபேனைப் போடு, பாட்டுப் போடு: இவையும் 'புட் ஆன்'. ஊரிலிருந்து வந்த அத்தை நம்மைப் பார்த்து "என்னடி, வெயிட் போட்டுட்டே" என்கிறார் அல்லவா, ஆங்கிலத்திலும் அதே வினைதான்: "யூ ஹாவ் புட் ஆன் வெயிட்." தெருவில் நாடகம் போடுகிறார்கள் என்றால் "தே ஆர் புட்டிங் ஆன் எ ப்ளே." வேஷம் போடுவதும் இதற்குள்ளேயே வந்துவிடும். காலேஜ் பையன்கள் "சீன் போடாதே" என்று சொல்கிறார்களே, அதற்கு நான் பார்த்தவரை மிகக் கிட்டத்தில் வருகிற ஆங்கிலம் "டோன்ட் புட் இட் ஆன்" என்பதுதான். தலைவலி என்று சும்மா நடிக்கிற பெண்ணைப் பற்றி "ஷி இஸ் புட்டிங் இட் ஆன்" என்பார்கள். லண்டனில் இருப்பவருக்கும் சைதாப்பேட்டையில் இருப்பவருக்கும் உடை, விளக்கு, எடை, நாடகம், பாசாங்கு என்கிற ஐந்தும் ஒரே வினைக்குள் அடங்குகிறது. முதன்முதலில் இதைக் கவனித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

எல்லா 'போடு'வும் 'புட்' ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீ போடுவது 'மேக்', ஊசி போடுவது 'கிவ்', கையெழுத்துப் போடுவது வெறும் 'ஸைன்', சாப்பாடு போடுவது 'சர்வ்'. 'போடு' நுழைவதற்கு ஒரு கதவு, அவ்வளவுதான். வீடு முழுக்க அதுவே இல்லை.

அடுத்தது, உங்களை உண்மையில் குழப்புகிற விஷயம்: பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொல். ஆஃப், ஆன், அப், அவுட், டவுன், அவே. பொருள் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இது நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், கவனிக்காமல் விட்டிருக்கிறோம். 'லைட்டை ஆஃப் பண்ணு', 'ஃபேனை ஆன் பண்ணு', 'சர்வர் டவுன் ஆயிடுச்சு' என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். 'ஸ்விட்ச் ஆஃப்' என்பதில் 'ஸ்விட்ச்' என்கிற வினையைக் கழற்றிவிட்டு, 'ஆஃப்' என்கிற குட்டிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, நம்முடைய 'பண்ணு'வைச் சேர்த்துவிட்டோம். எது முக்கியம் என்று தமிழ்க் காதுக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆங்கிலம் பேசும்போது 'பண்ணு'வை எடுத்துவிட்டு, போன வினையைத் திரும்ப வைக்க மறந்துவிடுகிறோம். அதனால்தான் "ஆஃப் தி லைட்" என்று வாயில் வருகிறது. "டர்ன் ஆஃப் தி லைட்", "ஸ்விட்ச் ஆஃப் தி லைட்" என்று வினையோடு சொல்லிப் பழகுங்கள்.

சரி, 'ஆஃப்'. இதன் அடிப்படை விலகல்: ஒட்டியிருந்தது விட்டுப் போவது, அப்பால் நகர்வது. கூட்டத்தைக் குறித்த நாளிலிருந்து அப்பால் நகர்த்தினால் 'புட் ஆஃப்'. தமிழில் இதற்கு என்ன சொல்கிறோம்? தள்ளிப்போடுவது. 'போடு'தான் 'புட்', 'தள்ளி'தான் 'ஆஃப்'. தமிழில் வினை கடைசியில் வருவதால் 'தள்ளி' முன்னால் நிற்கிறது, ஆங்கிலத்தில் அது பின்னால் நிற்கிறது. 'ஒதுக்கி வை' என்பது 'புட் அசைட்', 'எடுத்து வை' என்பது 'புட் அவே', 'முன்வை' என்பது 'புட் ஃபார்வர்ட்'. எல்லாம் அதே கண்ணாடிப் பிம்பம்.

'புட் ஆஃப்'புக்கு இன்னொரு பொருளும் உண்டு. மீன் வாங்கலாம் என்று காசிமேடு பக்கம் போய், வாடை தாங்காமல் திரும்பி வந்தவர் "தி ஸ்மெல் புட் மீ ஆஃப்" என்பார். அங்கே நகர்ந்தது நாள் இல்லை, அவருடைய மனசு. விலகல் என்கிற கரு அப்படியே இருக்கிறது. மற்ற வினைகளோடு 'ஆஃப்' சேரும்போதும் இதையே தேடுங்கள். ரத்து செய்தால் 'கால் ஆஃப்', புறப்பட்டால் 'செட் ஆஃப்', கடனை அடைத்துக் கழித்தால் 'பே ஆஃப்'. ஆட்குறைப்பில் வேலையை விட்டு அனுப்பினால் 'லே ஆஃப்', அது ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் யாருக்கும் விளக்க வேண்டாத சொல். ஒரே ஒரு பொறி இருக்கிறது: "தி அலாரம் வென்ட் ஆஃப்" என்றால் அலாரம் அடித்தது என்று பொருள், நின்றுவிட்டது என்று இல்லை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளாத மாணவரை நான் பார்த்ததே கிடையாது.

பொறி என்றதும் நினைவுக்கு வருவது என் மாணவர் ஒருவருக்கு நடந்தது. சாயங்காலம் வகுப்பு, இரவில் ஒரு கஸ்டமர் கேர் கம்பெனியில் ஷிஃப்ட். மான்செஸ்டரிலிருந்து ஒரு வயதான அம்மா பில் விஷயமாகக் கூப்பிட்டிருக்கிறார். அவரை பில்லிங் பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும். இவர் இருப்பது ஐந்தாவது மாடி, பில்லிங் நான்காவது மாடி. கீழே அனுப்புகிறோம் என்று யோசித்து, மிகப் பணிவாக, "மேடம், ஐ வில் புட் யூ டவுன் நௌ" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்து, இன்னும் நிதானமாக இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கிறார். போன் கட்டாகிவிட்டது. அந்த மாத மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார்கள். ஆனால் என்ன தப்பு என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் அந்த வரியைப் போர்டில் எழுதிவிட்டு, சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "மேம், இதுல என்ன மேம் தப்பு?" என்று கேட்டார். கீழே வைப்பது என்கிற நேர்ப் பொருள் 'புட் டவுன்'னுக்கு உண்டு, பையைக் கீழே வை, போனைக் கீழே வை என்பது போல. ஆனால் ஓர் ஆளை 'புட் டவுன்' செய்தால் மட்டம் தட்டுவது. நோய்வாய்ப்பட்ட நாயையோ குதிரையையோ 'புட் டவுன்' செய்தால், வேதனை தெரியாமல் இருக்க ஊசி போட்டு உயிரைப் போக்குவது. இதைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது. "அந்தம்மா என்ன நெனச்சிருப்பாங்க மேம்" என்றார். தன் மதிப்பெண்ணைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அவர் சொல்லியிருக்க வேண்டியது "ஐ வில் புட் யூ த்ரூ டு பில்லிங்." 'த்ரூ' என்றால் ஊடாக, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருவது. ட்ரங்க் கால் காலத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஊருக்கு 1880-களின் தொடக்கத்திலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. வெகுகாலம் ஆபரேட்டர் ஒருவர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வயரின் முனையை உரிய துளையில் செருகித்தான் இரண்டு பேரை இணைப்பார். அந்தப் படம் மனதில் இருந்தால் 'புட் த்ரூ' மறக்காது. மகளைக் கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பாவையும் "ஹி புட் ஹர் த்ரூ காலேஜ்" என்றுதான் சொல்வார்கள், அந்த முனையில் நுழைத்து இந்த முனையில் வெளியே கொண்டுவந்தார் என்று.

அந்த மாணவர் யோசித்த முறையில் குறை ஒன்றும் இல்லை. திசையைப் பிடித்து யோசித்தார், நான் சொல்லித்தந்ததும் அதுதான். ஆனால் திசை, கேட்டதைப் புரிந்துகொள்ளத்தான் உதவும். புதிதாக ஒன்றை நாமே கட்டிப் பேசுவதற்கு அது போதாது. பேசுவதற்கு, ஒரு தடவையாவது அவர்கள் வாயிலிருந்து கேட்டிருக்க வேண்டும். இதை இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழிலும் அப்படித்தானே? வெளியூர்க்காரர் ஒருவர் தமிழ் கற்றுக்கொள்கிறார் என்று வையுங்கள். 'போட்டு', 'கொடு' இரண்டும் அவருக்குத் தெரியும். "அவன் என்னை மேனேஜர்கிட்ட போட்டுக் கொடுத்துட்டான்" என்றால் அவர் என்ன செய்வார்? 'போட்டு வாங்குவது' என்றால், தெரிந்த மாதிரி ஒன்றைச் சொல்லி வாயைக் கிண்டி விஷயத்தைக் கறப்பது. 'போட்டு உடைப்பது' ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவது. 'போட்டுத் தள்ளுவது' கொலை. நாம் யாரும் இதைத் தாள் வைத்துப் படிக்கவில்லை. அவர்களும் 'புட் டவுன்'னை அப்படிப் படிக்கவில்லை.

இந்த வகை வினைகள் வெளிநாட்டவருக்குக் கடினம் என்பது ஆங்கிலேயருக்கே வெகுநாளாகத் தெரியும். 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியை வெளியிட்டபோது, முன்னுரையிலேயே இதைத் தனியாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். 'புட்' எவ்வளவு பெரிய சொல் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியைத் திருத்தி வருகையில், மிக நீளமான பதிவு என்கிற இடம் 2007-இல் 'புட்'டுக்குப் போனது, பிறகு 2011-இல் 'ரன்' அதைத் தாண்டியது. ஆகவே உங்களுக்கு மட்டும் ஏறாத பாடம் என்று நினைக்காதீர்கள்.

நமக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. நாம் ஆங்கிலத்தைப் புத்தகத்தில், விண்ணப்பத்தில், சர்க்குலரில் படித்தவர்கள். 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்விஷ்', 'ப்ரொபோஸ்' எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அதையே 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'புட் அவுட்', 'புட் ஃபார்வர்ட்' என்று ஒருவர் போனில் சொன்னால் தடுமாறுகிறோம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்களும் லத்தீன் சொற்களும் நூற்றாண்டுக் கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன. கோர்ட், ஆபீஸ், புத்தகம் எல்லாம் அவற்றின் பக்கம் போயின. அடுப்படியும் தெருவும் பழைய சின்னச் சொற்களிடமே இருந்தன. நாம் வாசல் வழியாக ஆபீசுக்குள் போய்விட்டோம், அடுப்படியைப் பார்க்கவில்லை.

இதில் அழகான ஒன்று இருக்கிறது. 'போஸ்ட்போன்' என்பதை உடைத்தால் லத்தீனில் 'போஸ்ட்' என்றால் பின்னால், 'பொனேரே' என்றால் வை அல்லது போடு. பின்னால் போடு! 'புட் ஆஃப்', 'போஸ்ட்போன்', 'தள்ளிப்போடு': மூன்று மொழிகளும் ஒரே வேலையை ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. லத்தீனும் தமிழும் திசையை முன்னால் ஒட்டின, ஆங்கிலம் பின்னால் ஒட்டியது. நம்மூர் 'ப்ரீபோன்' இதைப் பார்த்து உருவானதுதான். சென்னையில் தாராளமாகச் சொல்லுங்கள். வெளிநாட்டு க்ளையன்டிடம் "ப்ரிங் ஃபார்வர்ட்" என்றால் சந்தேகம் வராது.

ஆபீஸ் பேச்சில் இன்னொன்று. அரசு அலுவலகங்களில் "ஃபைலைப் புட் அப் பண்ணியாச்சு" என்றால் மேலதிகாரியின் பார்வைக்கு அனுப்பியாயிற்று என்று பொருள். "வேர் ஆர் யூ புட் அப்?" என்று கேட்டால் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டும் இங்கே செல்லும். பிரிட்டிஷ்காரரிடம் 'புட் அப்' என்றால் சுவரில் மாட்டுவது, பந்தல் போடுவது, விலையை ஏற்றுவது, ஓர் இரவு தங்க இடம் கொடுப்பது. 'அப்' என்பது எழுப்புவது, நிமிர்த்துவது. ஃபைல் என்றால் "சப்மிட்" என்று சொல்லிவிடுங்கள், தங்குவதற்கு "ஸ்டேயிங்" போதும்.

அப்புறம், இலக்கணம். 'இட்' என்கிற சொல் வந்தால் நடுவில்தான் உட்காரும்: "புட் இட் ஆஃப்." "புட் ஆஃப் இட்" என்பது தவறு. 'மீட்டிங்' மாதிரி முழுச் சொல் என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். தமிழர்கள் இங்கே தவறுவதற்குக் காரணம் உண்டு. 'தள்ளிப்போடு' நமக்கு ஒட்டிப்போன ஒரே சொல், 'தள்ளி அதைப் போடு' என்று பிரிக்க மனசு வராது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் கை வைக்கிறது. 'புட் அப் வித்' மாதிரி மூன்று சொல் சேர்ந்தவற்றில் மட்டும் பிரிக்கவே கூடாது: "புட் அப் வித் இட்." பேசும்போது அழுத்தத்தை 'புட்' மேல் போடாமல் 'ஆஃப்', 'அவுட்' மேல் போடுங்கள். பாதிக் குழப்பம் காதிலேயே தீரும்.

பழகுவதற்கு நான் கொடுக்கிற வேலை ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு 'புட்', அதுவும் அன்றைக்கு உங்களுக்கு நடந்த விஷயத்தை வைத்து. போன மாதம் ஒரு பெண், ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடக்கிற பக்கமாக வகுப்புக்கு வருகிறவர், "வீ ஹாவ் புட் அப் வித் திஸ் டஸ்ட் ஃபார் இயர்ஸ்" என்று எழுதிக்கொண்டு வந்தார். நோட்டுப் புத்தகத்தின் அட்டையிலேயே அந்தப் புழுதி இருந்தது. 'புட் அப் வித்' என்றால் விருப்பமில்லாமல் பொறுத்துக்கொள்வது என்று அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வரியில் மிச்சம் இருப்பது 'புட் அவுட்'. தீயை, விளக்கை 'புட் அவுட்' செய்தால் அணைப்பது. அறிக்கையை என்றால் வெளியிடுவது. ஒருவரை என்றால் சிரமப்படுத்துவது: "ஐ டோன்ட் வான்ட் டு புட் யூ அவுட்", உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம். ஓர் ஆள் 'புட் அவுட்' ஆக இருக்கிறார் என்றால் கொதித்துக் கத்துகிற கோபம் இல்லை, மனம் சுளித்திருக்கிறார். வசதியாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வெளியே எழுப்பிவிட்ட மாதிரி என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் டீம் லீட் எழுதியது இதுதான்: "இந்தத் தாமதத்தை இதுவரை பொறுத்துக்கொண்டோம். இப்போது க்ளையன்ட் முகம் சுளிக்கிறார். அதனால் இனியும் தள்ளிப்போட வேண்டாம்." பதிலுக்கு "ஷூர், வீ வோன்ட் புட் இட் ஆஃப்" என்று அனுப்புங்கள். 'இட்' நடுவில்.